வண்டியில் அஞ்சு நிமிஷம்

மனையைப் பார்த்துவிட்டு வந்த அன்று உமாபதி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் தூரமில்ல ரேணு. மெயின் ரோட்லருந்து வண்டியில அஞ்சு நிமிஷம்."

ரேணுகாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரு வண்டியில?"

"ஏன், என் வண்டியிலதான்."

"அதுல எனக்கு சீட்டு ஏது?"

அப்பாவோடு மனை பார்க்கப் போய்வந்த மகன் கதிர்வேல் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கு அது நகைச்சுவையாகத்தான் பட்டது. ரேணுகாம்பாளும் சிரித்துவைத்தாள்.

உமாபதியின் எக்ஸ்எல் வண்டிக்குப் பின் சீட்டு கிடையாது. பட்டு முதலாளியிடமிருந்து பாவை எடுத்துக்கொண்டு போய் நெசவாளர் வீடுகளில் கொடுப்பதும், நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருவதும் அவர் தொழில். பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள் மொத்தமும் ஒன்றாகச் சுற்றிய மூட்டை. வெள்ளை வேட்டியில் கட்டி, குழந்தையைப் போலத்தான் வண்டியில் ஏற்றுவார். அதற்காகவே வண்டி வாங்கிய மறுநாள் பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரும்பு கேரியர் போட்டுக்கொண்டார். அந்த வண்டி பழசாகி அடுத்த வண்டி வந்தபோதும் அதே கதைதான். கழற்றிய சீட்டு பாலிதீன் உறைக்குள் பரண்மேல் கிடந்தது. ஊரில் பாவு ஏற்றுகிற எல்லோர் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு சீட்டு கிடக்கும்.

ரேணுகாம்பாளுக்கு அதில் குறை இருந்ததில்லை. அவர்கள் அப்போது இருந்த காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் தெருமுனையிலேயே பஸ். பஸ் இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. அவள் ஒரு முறை புறப்பட்டால் நாலு வேலை முடித்துத்தான் திரும்புவாள். ரேஷன் கடையில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, தையல்காரரிடம் ரவிக்கையைக் கொடுத்துவிட்டு, குமரகோட்டம் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு, திரும்பி வந்து ரேஷனை வாங்குவாள். உமாபதிக்கு இது விளங்கியதே இல்லை. அவருக்கு ஒரு புறப்பாட்டுக்கு ஒரு வேலை. போனால் போனது, வந்தால் வந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் அவள் வேறு எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். அது கூரம் கிராமத்துக்கான நாள். அங்கே அவள் அக்கா வள்ளி இருந்தாள். அம்மா போனபிறகு ரேணுகாம்பாளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. அவள் மகனும் மருமகள் பொன்னியும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பொன்னி நல்ல பெண், சோறு ஊட்டுவாள், துணி மாற்றுவாள். ஆனால் தலையைத் தொடவிட மாட்டாள் வள்ளி. தலைக்கு எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, சிக்கெடுத்துச் சீவிப் பின்னுவது தங்கையின் கையால்தான் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே சீப்பைத் தேடி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள்.

பழைய வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகி விற்றுப்போனது. ஐயம்பேட்டை ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மண்பாதையில், வேல்முருகன் நகர் என்று பெயர்ப்பலகை மட்டும் பெரிதாக நின்ற இடத்தில் புது வீடு எழுந்தது. கார் நிறுத்த இடம், மாடிக்கு வெளிப்படி, குளியலறையில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. கதிர்வேல் எல்லாவற்றையும் யோசித்திருந்தான். அங்கே மனை வாங்கின அத்தனை பேரும் வண்டியில் வந்து, வண்டியில் சுற்றிப் பார்த்து, வண்டியில் திரும்பிப் போன ஆண்கள். நடந்து பார்த்தவர் யாருமில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் ஒரு நாள் ரேணுகாம்பாள் கேட்டாள். "வெள்ளிக்கிழமைக்கு நான் எப்பிடிப் போறது?"

"சீட்ட எடுத்து மாட்டிடறேன். நானே கூட்டிக்கினு போறேன். போதுமா?" என்றார் உமாபதி.

"பாவு?"

"பாவு ஏத்துற அன்னிக்கி கழட்டிக்கிறேன். நாலு போல்ட்டுதானே."

சொன்னபடியே மாட்டினார். பாலிதீன் உறையைப் பிரித்தபோது சீட்டு புத்தம் புதுசாகப் பளபளத்தது. முதல் வெள்ளிக்கிழமை ரேணுகாம்பாள் சின்னாளப்பட்டிச் சேலை உடுத்தி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஏறி உட்கார்ந்து எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினாள்.

"இடுப்பப் புடிச்சிக்க."

"தெருவுல பாப்பாங்க."

"இங்க தெருவே இல்ல. எவன் பாக்கறான்?"

பிடித்துக்கொண்டாள். அறுபத்தாறு வயதில் புருஷன் முதுகில் முகம் படப் போவது வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ரங்கசாமி குளத்தைத் தாண்டும்போது அவர் எதையோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அந்த ஒரு நாளுக்காகவே அந்த மண்பாதையை மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்தடுத்த வெள்ளிகளில் பாட்டு நின்றுபோனது. கூரத்து வாசலில் காத்திருக்க உமாபதிக்கு முடியவில்லை. "ஒரு தலைய வாரறதுக்கு இவ்ளோ நேரமா?" என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். திரும்பும் வழியில் தையல்கடையில் நிறுத்தச் சொன்னால் முகம் சுருங்கியது. ரேஷன் கடையென்றால் இன்னும் சுருங்கியது.

"நான் இன்னா டவுன் பஸ்ஸா? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கிறதுக்கு?"

டவுன் பஸ் இப்படிச் சொல்லிக்காட்டாது என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாண மாசம் வந்தது. பாவுக்கு மேல் பாவு. சீட்டைக் கழற்றினார். "ஆவணி முடியட்டும், திரும்ப மாட்டிடறேன்" என்றார். ஆவணி முடிந்தது. ஐப்பசிக்குத் தீபாவளிச் சேலைகள். சீட்டு புது வீட்டின் மாடிப்படிக்கடியில் சிமெண்டு மூட்டையோடு கிடந்தது. ரேணுகாம்பாள் ஒரு முறை நடந்தே மெயின் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தாள். நிழலே இல்லாத பாதை. பாதிக் கட்டி நின்ற வீடுகளுக்கு நாய்கள்தான் காவல். பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் முட்டி வீங்கிவிட்டது. அந்த வாரம் போனாள். அடுத்த வாரம் போக முடியவில்லை. அதற்கடுத்த வாரமும்.

சென்னையிலிருந்து போன் செய்த கதிர்வேலிடம் சொன்னாள். "ஒரு ஆட்டோ ஏற்பாடு பண்ணேன்டா. வாரத்துல ஒரு நாள் வந்தா போதும்."

"மா, உள்ள வரைக்கும் எவனும் டெய்லி வர மாட்டான்மா. உனக்கின்னா, பஸ்தான் இருக்குதே. லேடீஸுக்கு ஃப்ரீ வேற. அப்பாவ மெயின் ரோடு வரைக்கும் டிராப் பண்ணச் சொல்லு."

"கேரியர்ல எப்பிடிடா ஒக்கார்றது?"

"ஒரு சாக்கு மடிச்சிப் போட்டா ஆச்சு. நீ ஓவரா யோசிக்காதமா."

எதிர்வீட்டு வேணுகோபால் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். அவரிடம் வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. ஒரு நாள் அவராகவே, "டவுனுக்குத்தான் போறேன், ஏறுங்கம்மா" என்று கூப்பிட்டார். உமாபதிக்குக் கேட்டுவிட்டது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஊரான் கார்ல எதுக்குப் போவணும்?" என்று வீட்டுக்குள் வந்து கத்தினார். அதற்குப்பிறகு வேணுகோபால் கூப்பிடவில்லை. கார் பெரும்பாலும் உறை போர்த்தி நின்றது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. பொன்னியிடமிருந்து போன்.

"சின்னத்த, எங்க இருக்கீங்க? காலையிலருந்து அத்தைக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. டாக்டரு வந்து பாத்துட்டு சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லிடுங்கன்னுட்டாரு. சீப்பக் கையில வெச்சிக்கினு விட மாட்டேங்குது. வாசலயே பாத்துக்கினு இருக்குது சின்னத்த. சீக்கிரம் வாங்க."

உமாபதி பாவோடு வெளியே போயிருந்தார். வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார். கதிர்வேலைக் கூப்பிட்டாள்.

"இருமா, ஆப்ல போட்டுப் பாக்கறேன்." போனில் தட்டுகிற சத்தம் கேட்டது. "பக்கத்துல வண்டியே காட்டலமா. அப்பாக்கு ட்ரை பண்ணு. நான் மீட்டிங்ல இருக்கேன், முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. கார் உறைக்குள் இருந்தது. வேணுகோபால் மகள் வீட்டுக்கு ரயிலில் போயிருந்தார்.

எண்ணெய்ப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ரேணுகாம்பாள் நடக்கத் தொடங்கினாள். முந்தின நாள் பெய்த மழையில் மண்பாதை குழைந்து கிடந்தது. பாதி தூரம் போயிருப்பாள். எதிரே பழக்கமான வண்டிச் சத்தம். உமாபதிதான். மண்பாதை அவர்கள் வீட்டைத் தாண்டிப் பக்கத்துக் கிராமம் வரைக்கும் போகும். அங்கே ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் பாவு கொண்டுபோகிறார். கேரியரில் வெள்ளை மூட்டை, கயிறு போட்டு இறுக்கியிருந்தது.

எஞ்சினை அணைக்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டார். "எங்க கெளம்பிட்ட?"

"அக்காக்கு முடியலங்க. மூச்சு இழுக்குதாம். பொன்னி கூப்பிட்டா."

"அய்யோ." அவர் முகம் நிஜமாகவே வாடியது. திரும்பி மூட்டையைப் பார்த்தார். அவளும் அதைப் பார்த்தாள்.

உமாபதியின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். புறப்பட்ட பாவு வழியில் இறங்கக் கூடாது. ஏற்றினால் தறி இருக்கும் வீட்டில்தான் இறக்க வேண்டும். நடுவில் தரையில் வைத்தாலோ, வந்த வழியே திருப்பிக்கொண்டு போனாலோ, அந்தப் பாவில் நெய்கிற சேலை கட்டுகிறவளுக்கு ஆகாது. இது கல்யாணச் சேலை வேறு. மருமகளாக வந்த அவளுக்கு மாமனார் சொல்லிக்கொடுத்த முதல் சட்டமே அதுதான். இத்தனை வருஷத்தில் பாவு ஏற்றிய வண்டியை அவள் வாசலில் நிறுத்தி ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததுகூட இல்லை.

"ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன்," என்றார். "வண்டியில அஞ்சு நிமிஷம். தோ, அந்த ஷெட்டு நிழல்ல நில்லு."

இறக்கி வையுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. யாரோ ஒரு பெண், முகம் தெரியாதவள், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரப் போகிறாள். "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சிமெண்டு ஷெட்டின் நிழலில் நின்றாள். நிழல் மெதுவாக நகர்ந்தது. அவளும் கூடவே நகர்ந்தாள்.

தறிக்காரர் வீட்டில் ஆள் இல்லை. கழனிக்குப் போனவரைக் கூப்பிட்டு வர வேண்டியிருந்தது. அவர் வந்து கை கால் கழுவி, விளக்கேற்றி, பாவை வாங்கிப் பிரித்து இழை பார்த்துச் சரி என்று சொன்னபிறகுதான் உமாபதி கிளம்ப முடிந்தது. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததை அவர் பிறகு பல முறை சொன்னார்.

சாக்கை மடித்துப்போட்ட கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள். கம்பி தொடையில் அழுத்தியது. மெயின் ரோட்டில் அவரே நிறுத்தினார். "இதுல கூரம் வரைக்கும் தாங்க மாட்ட. வுழுந்து கிழுந்து வெச்சா? பஸ் ஏறிக்க. நான் பின்னாடியே வந்துடறேன்."

பஸ் வந்தது, காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது. அவள் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது கூரம் பஸ் வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். நெரிசலில் யாருக்கும் தெரியவில்லை.

கூரத்தில் அவள் இறங்கியபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உமாபதி அவளுக்கு முன்னாலேயே வந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வள்ளியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு, தலைமாட்டில் விளக்கு. தெருப் பெண்கள் யாரோ தலையைச் சீவிவிட்டிருந்தார்கள். வகிடு கோணலாக இருந்தது.

"சீப்ப வுடவே இல்ல சின்னத்த," பொன்னி அழுதாள். "வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சித்தான் எடுத்தோம்."

ரேணுகாம்பாள் பையிலிருந்த எண்ணெய்ப் பாட்டிலை வெளியே எடுக்கவில்லை.

அன்று வீடு திரும்பியதும் உமாபதி சொன்னார், "நான் அப்பவே கூட்டிக்கினு போயிருந்தாலும் பாத்திருக்க மாட்டோம். டைம் அப்பிடி." மறுநாளும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். கருமாதி முடிந்த மறுநாள், கேட்காமலேயே சீட்டைத் துடைத்து மாட்டிவைத்தார். "வா, கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்" என்று ஹாரன் அடித்தார். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தனியாகப் போய்வந்தார். தை பிறந்ததும் முகூர்த்தச் சேலைகள். சீட்டைத் திரும்பவும் கழற்றினார். இந்த முறை எந்தச் சமாதானமும் சொல்லவில்லை.

தை மாசக் கடைசியில் அவர் விழுந்தார். நல்ல பகல் வெளிச்சம். ரோட்டில் புதிதாகப் போட்ட வேகத்தடை கண்ணில் படவில்லை. முழங்கையில் நல்ல சிராய்ப்பு. பாவு கயிறு அறுந்து ஐயம்பேட்டை ரோட்டில் உருண்டு, பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால் தப்பியது. டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார். ஆபரேஷன் முடிந்து தெளிகிற வரைக்கும் வண்டியைத் தொடவே கூடாது.

கதிர்வேல் அன்று சாயங்காலமே காரில் வந்துவிட்டான். வாசலில் நின்று யாருக்கோ போன் செய்தான். ஒரே ஒரு போன்தான். திரும்பி வந்து சொன்னான்.

"ஃபக்ருதீன் பாய்னு ஒருத்தர்பா. நம்பிக்கையான ஆளு. மாசக் கணக்கு பேசிட்டேன். எப்போ கூப்பிட்டாலும் வீட்டு வாசலுக்கே வருவாரு. ஆஸ்பத்திரி, முதலாளி வீடு, எங்க வேணாலும். நீங்க டென்ஷனே ஆவாதீங்க."

ரேணுகாம்பாள் காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். "உள்ள வரைக்கும் எவனும் வர மாட்டான்னு சொன்னியே."

"அது அப்போமா."

"அப்பவும் இந்தப் பாதைதானே இருந்துது?"

"மா, அப்பாக்குக் கண்ணு தெரியலமா. இது எமர்ஜென்சி."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காபியை ஆற்றத் தொடங்கினான். உமாபதி தலையைக் குனிந்து முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்திருக்கும்.

ஆபரேஷனுக்கு முன் கண் பரிசோதனை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஃபக்ருதீன் பாய் சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றார். ஐம்பது வயதுக்காரர், தாடி நரைத்தவர். "மெல்ல ஏறுங்கம்மா, படி உசரம்" என்று கை நீட்டினார். உள்ளே மெத்தென்ற சீட்டு. மழைக்குத் திரை. மண்பாதையில் ஆட்டோ ஆடி ஆடிப் போனது. ஷெட்டைத் தாண்டும்போது ரேணுகாம்பாள் வேறு பக்கம் பார்த்தாள்.

உமாபதி தொண்டையைச் செருமினார். "இனிமே உனக்கும் கஷ்டமில்ல. எங்க போவணும்னாலும் சொல்லு. பாய் கூட்டிக்கினு போவாரு. வழியில எத்தினி எடத்துல வேணா நிறுத்திக்கலாம்."

"எனக்குப் போறதுக்கு இருந்தது ஒரு எடம்."

அவர் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மெயின் ரோடு வந்ததும் அவள் முன்னால் குனிந்தாள். "பாய், ஸ்டாப்புல கொஞ்சம் நிறுத்துங்க."

"இன்னா ரேணு?"

"நீங்க போய்ட்டு வாங்க. பாய் இருக்காரு. உள்ள நர்சுங்க இருக்காங்க, கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போவாங்க."

"மருந்து வுட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்களே. நீ எங்க போற?"

அவள் இறங்கிவிட்டாள். உமாபதி கண்ணைச் சுருக்கி, அவள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கேயோ பார்த்தார். பாய் ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்துத் தயங்கினார். பிறகு ஆட்டோவை எடுத்தார்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் கூரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம், அவள் வழக்கமாக உட்காரும் சீட்டு காலியாகவே இருந்தது. கண்டக்டருக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

"இன்னாம்மா, ஆளையே காணோம்? ஊர்ல இல்லியா?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமையானா வந்துடுவீங்களே. அக்கா எப்பிடி இருக்காங்க?"

"போய்ட்டாங்கப்பா. கார்த்திகையில."

"அடடா. தெரியாம கேட்டுட்டேன்மா." குரலைத் தாழ்த்தி, "அப்புறம் இந்த வெயில்ல எதுக்கும்மா அவ்ளோ தூரம்?"

"பஸ்தான் இருக்குதே," என்றாள் ரேணுகாம்பாள்.

பஸ் கிளம்பியது. பையில் போன் அடித்தது. உமாபதி. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தபோதுதான் எடுத்தாள்.

"ரேணு, கண்ணுல மருந்து வுட்டுட்டாங்க. எல்லாம் பனி மூடினாப்பல இருக்குது. எதிர்ல யாரு நிக்கறாங்கன்னே தெரியல. எங்க இருக்க நீ? எப்போ வருவ?"

பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல் கேட்டது. யாரோ ஒரு பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது.

"வழியில இருக்கேன்," என்றாள். "நடுவுல எறங்க முடியாது. முடிச்சிட்டு வரேன். அங்கயே நிழல்ல ஒக்காருங்க."

போனைப் பையில் போட்டாள். விரலில் எண்ணெய்ப் பாட்டில் தட்டுப்பட்டது. அன்றைக்கு வைத்தது அப்படியே இருந்தது.